மாணவர் பக்க விடையும் ஜாஷ் கிப்சன் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வந்த விளையாட்டு வினா விடையில், 'அமெரிக்க பேஸ்பாலில் வாழ்நாள் பேட்டிங் சராசரி அதிகம் உள்ளவர் யார்?' என்ற கேள்விக்கு 'டை காப், 36.7' என்று விடை தரப்பட்டிருந்தது. அதன் அருகிலேயே ஜாஷ் கிப்சன் பற்றி ஒரு துணுக்கு: கறுப்பு பேப் ரூத் (ரூத் ஹோம் ரன்னுக்குப் பேர்போன வெள்ளையின வீரர்), லீக் ஆட்டங்களில் 800 ஹோம் ரன் (நம் சிக்சர்போல் பந்தை வேலி தாண்ட அடிப்பது) அடித்தவர், அமெரிக்க பேஸ்பாலின் உச்ச நிலையான மேஜர் லீக்கின் முதல் கறுப்பின வீரரான ஜாக்கி ராபின்சன் காட்டிய வழியில் வந்தவர் என்று. கீழே பந்தின் படம் போட்டு, அன்றும் இன்றும் மாட்டுத்தோல் என்று ஒரு வரி. சிறிதும் பெரிதுமாக இதில் ஐந்தாறு பிழைகள் உள்ளன. வேலூர், காட்பாடி, இராணிப்பேட்டை வட்டாரப் பள்ளிகளில் சாப்ட்பாலும் பேஸ்பாலும் ஆடும் பிள்ளைகள் அந்தப் பக்கத்தை வெட்டி நோட்டில் ஒட்டி வைத்துக்கொள்கிறார்கள். அதனால் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளவும்.

முதலில் அந்த 36.7. கிரிக்கெட்டில் சராசரி என்றால் ரன்னை அவுட்டால் வகுப்பது. பேஸ்பால் சராசரியில் ரன்னுக்கு வேலையே இல்லை. ஹிட்டை அட்பேட்டால் வகுக்க வேண்டும். பந்தை அடித்துவிட்டு, எதிரணி பீல்டரின் பிழையால் அல்லாமல், முதல் பேஸையாவது (ஓட்டக்காரர் வரிசையாகத் தொட வேண்டிய நான்கு நிலைகளில் முதலாவது) பத்திரமாக எட்டினால் அது ஹிட். அட்பேட் என்பது ஒருவர் மட்டையோடு வந்து நின்ற எல்லா முறையும் அன்று. அடிக்கும் எல்லைக்கு வெளியே வீசப்பட்ட நான்கு பந்தை ('பால்') அடிக்காமல் விட்டு, முதல் பேஸுக்கு நடந்து போனால் சேராது, பந்து உடம்பில் பட்டு பேஸுக்குப் போனால் சேராது, ஓட்டக்காரனை நகர்த்தத் தன் விக்கெட்டைக் கொடுக்கும் சாக்ரிபைஸும் சேராது. ஐந்து முறை வந்தவர் ஒரு ஹிட் அடித்து, ஒரு முறை பால் வாங்கி நடந்திருந்தால் அவர் சராசரி 1/4, அதாவது 0.250. ஐந்தால் வகுத்து 0.200 என்று எழுதுவதுதான் நம் பள்ளி ஸ்கோர் ஷீட்டுகளில் அடிக்கடி காணும் தவறு. இந்த எண்ணை எப்போதும் மூன்று தசம இடத்தில் எழுதுவது வழக்கம். ஆயிரத்துக்கு 367 என்றுதான் வாய்விட்டும் சொல்வார்கள். 36.7 என்று அச்சிட்டால், கிரிக்கெட் பார்த்து வளர்ந்த பிள்ளை 'இவர் சுமாரான ஆட்டக்காரர் போலிருக்கிறது' என்று பக்கத்தைத் திருப்பிவிடும்.

இனி விடை. 2024 மே 29 வரைக்கும் காப் என்பது சரியான விடை. அன்று மேஜர் லீக் பேஸ்பால் நிர்வாகம், நிறப் பிரிவினைக் காலத்தில் கறுப்பின வீரர்கள் தனியே நடத்திய ஏழு லீக்குகளின் கணக்கைத் தன் அதிகாரபூர்வப் பதிவேட்டில் சேர்த்தது. 1920 முதல் 1948 வரை ஆடிய 2,300க்கும் மேற்பட்டோரின் எண்கள் அதில் ஏறின. அந்த லீக்குகளுக்கு மேஜர் லீக் தகுதி உண்டு என்ற அறிவிப்பு 2020 டிசம்பரிலேயே வந்துவிட்டது. ஏடுகளைச் சரிபார்த்துக் கூட்டிச் சேர்க்க மூன்றரை ஆண்டு பிடித்தது. வரலாற்றாய்வாளர் ஜான் தார்ன் தலைமையிலான குழு அதைச் செய்தது. அதன்படி வாழ்நாள் சராசரியில் முதலிடம் ஜாஷ் கிப்சன், 0.372. காப் 0.367உடன் இரண்டாமிடம். ஒரே பருவத்தின் சராசரியிலும் கிப்சன்தான்: 1943இல் 0.466. அதற்கு அடுத்தது 1929இல் சார்லி 'சீனோ' ஸ்மித் எடுத்த 0.451, அவரும் கறுப்பின லீக் வீரரே.

சராசரியைவிட அடியின் கனத்தைக் காட்டுவது ஸ்லக்கிங் என்ற எண். ஒரு பேஸ் அடி ஒன்று, இரண்டு பேஸ் அடி இரண்டு, ஹோம் ரன் நான்கு என்று பேஸ்களைக் கூட்டி அட்பேட்டால் வகுக்க வேண்டும். பத்து அட்பேட்டில் மூன்று சிங்கிள், ஒரு ஹோம் ரன் அடித்தால் சராசரி 0.400, ஸ்லக்கிங் 0.700. கிப்சனின் வாழ்நாள் ஸ்லக்கிங் 0.718. பேப் ரூத்துக்கு 0.690. 1937 பருவத்தில் கிப்சனுக்கு 0.974, அதுவரை முதலிடத்தில் இருந்தது 2001இல் பேரி பாண்ட்ஸ் எடுத்த 0.863. கேட்சர் இடத்தில் ஆடியவருக்கு இந்த எண்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். விக்கெட் கீப்பரைப்போல, ஆனால் ஒவ்வொரு பந்துக்கும் முழுக்கக் குந்தி, முகக்கூடு, மார்க்காப்பு, முழங்கால் காப்போடு ஆட்டம் முழுக்கப் பந்து வாங்குகிற வேலை அது. முட்டியும் விரலும் தேய்ந்து, மட்டை பிடிக்கும்போது கை சொன்னபடி கேட்காது. பெரும்பாலான கேட்சர்களின் சராசரி தாழ்ந்திருப்பதற்கு இந்தக் களைப்பும் ஒரு காரணம்.

தனி லீக் ஏன் என்பதையும் துணுக்கு சொல்லவில்லை. மேஜர் லீக்கில் முதல் கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் என்று எழுதுவது பரவலான பழக்கம். மோசஸ் ஃபிளீட்வுட் வாக்கர் 1884இலேயே டொலீடோ அணிக்காக, அன்று மேஜர் லீக்காக இருந்த அமெரிக்கன் அசோசியேஷனில் ஆடினார். அவரும் கேட்சர்தான். 1887இல் அடுத்த படியில் இருந்த இன்டர்நேஷனல் லீக், கறுப்பினத்தவரோடு இனிப் புது ஒப்பந்தம் போடுவதில்லை என்று முடிவெடுத்தது. பிறகு மேஜர் லீக்குகளிலும் கதவு மூடியது. ஆனால் 'கறுப்பர் ஆடக் கூடாது' என்று அவர்களுடைய விதிப்புத்தகத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. முதலாளிகளுக்குள் எழுதாத ஓர் ஏற்பாடு, அவ்வளவுதான். இரட்டைக் குவளையை எந்த ஊர்க் கடையும் எழுதிவைத்துப் பின்பற்றவில்லை என்பது தெரிந்தவர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை. ராபின்சன் 1947 ஏப்ரல் 15இல் புரூக்ளின் அணிக்காக இறங்கியது, அறுபது ஆண்டுக்கும் மேலாகப் பூட்டிக் கிடந்த கதவு மறுபடி திறந்த நாள். 'நவீன காலத்தில் முதல்வர்' என்று எழுதினால் பிழையில்லை.

இடைப்பட்ட காலத்தில், 1920 பிப்ரவரியில், கான்சஸ் சிட்டியில் ரூப் ஃபாஸ்டர் கூட்டிய கூட்டத்தில் நீக்ரோ நேஷனல் லீக் பிறந்தது. (இந்தச் சொல்லை லீக்கின் பெயராக மட்டும் பயன்படுத்துங்கள். ஆட்களைக் குறிக்கும்போது கறுப்பினத்தவர் என்று எழுதுவதே முறை. துணுக்கில் இரண்டும் கலந்து கிடந்தன.)

கிப்சன் 1911 டிசம்பர் 21இல் ஜார்ஜியா மாநிலத்து புவெனா விஸ்டாவில் பிறந்தார். தந்தை இரும்பாலை வேலைக்காக பிட்ஸ்பர்க் போக, குடும்பமும் பின்னால் போனது. மகன் மின்வேலை படித்தார், ஒரு பெரிய கடையில் லிப்ட் இயக்கினார், கடை அணிக்கு ஆடினார். 1930இல் ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணி அவரை எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் மனைவி ஹெலன் இரட்டைப் பிள்ளைகளைப் பெற்று இறந்துபோனார். 1932 முதல் 1936 வரை பிட்ஸ்பர்க் கிராஃபோர்ட்ஸ். அந்த அணியில் சாச்சல் பேஜ் பந்து வீச, கிப்சன் வாங்குவார். 1937இல் மறுபடி கிரேஸ். அதே ஆண்டு டொமினிக்கன் குடியரசில், சர்வாதிகாரி ட்ருஹீயோவின் பெயர் தாங்கிய தலைநகர அணிக்கும் ஆடினார். 1940, 1941இல் மெக்சிகோ. ஊர் ஊராக ஓடியதைக் காசாசை என்று எழுதுகிறவர்கள் உண்டு. வெள்ளையர் லீக்கில் இடமில்லாதவனுக்கு நல்ல கூலி தந்த இடம் மெக்சிகோ. அங்கே சாப்பிடவும் தங்கவும் தனி வாசல் தேட வேண்டியிருக்கவில்லை. இதில் ஆசை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

1943 ஜனவரியில் மயங்கி விழுந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மூளையில் கட்டி என்றார்கள். அறுவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். அந்த 0.466 அதே ஆண்டின் எண். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் கிரேஸ் அணி கறுப்பின லீக்குகளின் உலகத் தொடரை வென்றது. 1947 ஜனவரி 20இல் கிப்சன் இறந்தார், வயது 35. ராபின்சன் புரூக்ளினில் இறங்க இன்னும் 85 நாள் இருந்தது. ஆகவே 'ராபின்சன் காட்டிய வழியில் வந்தவர்' என்ற வரி காலக்கணக்கிலேயே நிற்காது. பிட்ஸ்பர்க்கில் அவர் கல்லறைக்கு 1975 வரை பெயர்க்கல்கூட இல்லை. கூப்பர்ஸ்டவுனில் இருக்கும் பேஸ்பால் புகழ் மண்டபத்தில் 1972இலேயே, பக் லெனர்டோடு சேர்த்து, அவர் பெயரைப் பொறித்துவிட்டார்கள் என்பதை நினைத்தால் அந்த மூன்று ஆண்டு இடைவெளி விசித்திரமானது.

800 ஹோம் ரன் என்பது அந்த மண்டபத்துப் பட்டயத்திலிருந்து வந்த எண். 'ஏறத்தாழ 800' என்றுதான் அதில் உள்ளது. அதுவும் லீக் ஆட்டங்களையும் தனி ஆட்டங்களையும் சேர்த்து. 'ஏறத்தாழ' துணுக்கில் விழுந்துவிட்டது, 'தனி ஆட்டங்கள்' காணாமலே போய்விட்டது. இந்த அணிகள் லீக் அட்டவணைப்படி ஆடியது ஓர் ஆண்டில் அறுபது எழுபது ஆட்டம் போலத்தான். மற்ற நாளெல்லாம் பேருந்தில் ஏறி, வழியில் எந்த ஊரில் ஆள் கூடுமோ அந்த ஊர் ஆலை அணியோடோ நகர அணியோடோ ஆடினார்கள். டிக்கெட் வசூலில் பங்கு கிடைத்தால்தான் பெட்ரோலுக்கும் சம்பளத்துக்கும் ஆகும். சில நாள் பகலில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. அங்கே அடித்த ஹோம் ரன்னும் ஹோம் ரன்தான். ஆனால் எதிரே வீசியவர் யார், வேலி எத்தனை அடியில் என்று எந்த ஏட்டிலும் இருக்காது. மேஜர் லீக் பதிவேடு லீக் ஆட்டங்களை மட்டுமே எடுக்கிறது. அதில் கிப்சனுடைய ஹோம் ரன் 200ஐக்கூடத் தொடவில்லை. ரூத்தின் 714ஓடு 800ஐப் பக்கத்தில் வைத்து 'ரூத்தை மிஞ்சியவர்' என்பதும் தவறு, 200க்குக் குறைந்ததை வைத்து 'ரூத்துக்குப் பக்கத்திலேயே வர முடியாதவர்' என்பதும் தவறு. இரண்டும் வேறு வேறு எண்ணிக்கை ஆட்டங்களின் கூட்டுத்தொகை. கூட்டுத்தொகையை விட்டுவிட்டு வீதத்தைப் பாருங்கள்; மேலே சொன்ன 0.718 அதற்காகத்தான்.

இன்னொன்று. 1940களில் கிரேஸ் அணி தன் ஆட்டங்களில் பலவற்றை வாஷிங்டனில் உள்ள கிரிஃபித் மைதானத்தை வாடகைக்கு எடுத்து ஆடியது. அங்கே இடது கோட்டு ஓரத்திலேயே வேலி 400 அடிக்கு மேல், அதாவது 120 மீட்டருக்கும் அதிகம். நம் கிரிக்கெட் எல்லைக்கோடு பெரும்பாலும் 65 முதல் 80 மீட்டருக்குள் இருக்கும். வலது கை ஆட்டக்காரரான கிப்சனுக்குப் பந்து இயல்பாகப் போகும் பக்கம் அந்த இடது பக்கம்தான். வேறு மைதானத்தில் ஹோம் ரன்னாகியிருக்கும் எத்தனை அடி அங்கே கேட்சாகப் போனதோ, கணக்கில்லை.

பந்துத் தோல் விஷயம். ஆம்பூர், பேரணாம்பட்டு வீட்டுப் பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். 1974 வரை மேஜர் லீக் பந்துக்கு மேலே குதிரைத்தோல். அதன் பிறகுதான் மாட்டுத்தோல். எடை 5 முதல் 5¼ அவுன்ஸ், 142 முதல் 149 கிராம். கிரிக்கெட் பந்தைவிடச் சற்றே இலேசு. நடுவில் தக்கை, அதற்கு மேல் ரப்பர், பிறகு இறுக்கிச் சுற்றிய கம்பளி நூல், மேலே 8 எழுத்துபோல் வெட்டிய இரண்டு தோல் துண்டு, சிவப்பு நூலில் 108 இரட்டைத் தையல். கிப்சன் வாங்கியதும் அடித்ததும் குதிரைத்தோல் பந்து.

இப்போது, அந்தக் கணக்கை நம்பலாமா என்ற கேள்வி. தங்கள் வாசகர்களுக்கு இதுதான் முக்கியம் என்று நினைக்கிறோம்.

கறுப்பின லீக்குகளுக்கு நிலையான அலுவலகமோ முழுநேர ஸ்கோரர்களோ பெரும்பாலும் இல்லை. கணக்கு தங்கியது கறுப்பினப் பத்திரிகைகளில்: பிட்ஸ்பர்க் கூரியர், சிகாகோ டிஃபெண்டர், பால்டிமோர் ஆஃப்ரோ அமெரிக்கன் போன்றவை. அவை பெரும்பாலும் வார இதழ்கள். லாரி லெஸ்டர் போன்றவர்களும், கேரி ஆஷ்வில் உள்ளிட்ட சீம்ஹெட்ஸ் தரவுக் குழுவினரும் பல ஆண்டு மைக்ரோபிலிம் சுருள்களை உருட்டி, ஆட்டத்துக்கு ஆட்டம் பாக்ஸ் ஸ்கோர் என்ற அந்தச் சிறு அட்டவணையைத் தேடி எடுத்தார்கள். ஒரே ஆட்டம் இரண்டு பத்திரிகையில் வந்திருந்தால் இரண்டையும் ஒப்பிட வேண்டும். பிறகு அது லீக் ஆட்டமா, அதே இரு அணிகள் அடுத்த நாள் வேறு ஊரில் வசூலுக்காக ஆடிய ஆட்டமா என்று புள்ளிப்பட்டியலோடு பொருத்திப் பார்க்க வேண்டும். கடைசியில் அட்டவணை தானே தன்னைச் சரிபார்க்கும் ஒரு கூட்டல் இருக்கிறது. நம் ஊர் ஸ்கோரர்களுக்கும் அது உதவும் என்பதால் விரிவாகச் சொல்கிறோம்.

மட்டையோடு வந்த ஒவ்வொருவருக்கும் முடிவு மூன்றே: அவுட்டாவார், ரன் எடுப்பார், அல்லது இன்னிங்ஸ் முடியும்போது பேஸிலேயே நின்றுவிடுவார். ஆகவே ஓர் அணியின் அட்பேட், பால் வாங்கி நடந்தது, பந்து பட்டது, சாக்ரிபைஸ் எல்லாவற்றையும் கூட்டினால், அந்த அணியின் ரன், பேஸில் நின்றவர், எதிரணி எடுத்த அவுட் மூன்றின் கூட்டலுக்குச் சமமாக வர வேண்டும். அட்பேட் 35, நடந்தது 4, பட்டது 1, சாக்ரிபைஸ் 1; கூட்டினால் 41. ரன் 6, பேஸில் நின்றவர் 8, அவுட் 27 (ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் மூன்று அவுட்), அதுவும் 41. சரி. உள்ளூர் அணி முன்னிலையில் இருந்து ஒன்பதாம் இன்னிங்ஸ் ஆடாமல் விட்டால் அவுட் 24தான். இதை மறந்து 27 போட்டுவிட்டு, இல்லாத மூன்று ஆளைத் தேடுவது வழக்கமான கோளாறு. ஏழு இன்னிங்ஸ் சாப்ட்பாலில் 21, அல்லது 18.

பழைய பத்திரிகைகளில் கணக்கு உதைப்பது வேறு காரணங்களால். நடந்தவர்களுக்கான பத்தியையே இடமில்லை என்று விட்டிருப்பார்கள். ஹோம் ரன் அட்டவணையில் இருக்காது, கீழே பொடி எழுத்தில் இருக்கும். பக்கம் கிழிந்திருந்தால் அதுவும் போயிற்று. குடும்பப் பெயர் மட்டும் போட்டிருப்பார்கள். ஓர் அணியில் இரண்டு ஸ்மித் இருந்தால் யார் அடித்தது என்று வேறு ஆட்டங்களின் வரிசையை வைத்து ஊகிக்க வேண்டும். தோற்ற அணி சில நேரம் செய்தியே அனுப்பாது. இத்தனைக்குப் பிறகும் ஏறத்தாழ முக்கால் பங்கு ஆட்டங்களே கிடைத்திருக்கின்றன என்று அந்தக் குழுவே சொல்லியிருக்கிறது. புதிய ஏடு கிடைத்தால் 0.372 ஏறலாம், இறங்கலாம். அதனால் எண்ணைப் போடும்போது 'அன்றைய நிலவரப்படி' என்று தேதியும் போடுங்கள்.

குறைந்த ஆட்டங்களில் அதிகச் சராசரி எடுப்பது எளிது என்ற மறுப்பில் பாதி நியாயம் உண்டு. அறுபது எழுபது ஆட்டத்தில் எடுத்த 0.466ஐ, 1941இல் டெட் வில்லியம்ஸ் 456 அட்பேட்டில் எடுத்த 0.406க்கு மேலே கண்ணை மூடிக்கொண்டு வைக்க எங்களுக்கும் தயக்கம்தான். ஆனால் பருவப் பட்டியலில் இடம்பெறத் தகுதி எல்லோருக்கும் ஒன்றே: அணி ஆடிய ஆட்டம் ஒன்றுக்கு 3.1 முறை மட்டையோடு வந்திருக்க வேண்டும். கரோனா ஆண்டான 2020இல் மேஜர் லீக்கே 60 ஆட்டம்தான் ஆடியது. ஹுவான் சோட்டோவின் 0.351க்கும் லமேஹியூவின் 0.364க்கும் அவரவர் லீக்கின் பேட்டிங் சராசரிப் பட்டம் தரப்பட்டது, யாரும் முணுமுணுக்கவில்லை. கிப்சனுக்கு முன் பருவச் சாதனையாக இருந்த ஹியூ டஃபியின் 0.440ஐயும் பாருங்கள். அது 1894. பந்து வீசும் தூரத்தை 60 அடி 6 அங்குலமாகப் பின்தள்ளியது 1893இல். வீச்சாளர்கள் திணறிய அந்தக் காலத்தில் லீக் முழுக்கவே சராசரி வீங்கியது. அதற்கு அடிக்குறிப்பு கேட்காதவர்கள் கிப்சனுக்கு மட்டும் ஏன் கேட்கிறார்கள்?

காப்பின் கணக்கும் சுத்தமில்லை. 1910இல் அவர் ஆடிய ஓர் ஆட்டம் ஏட்டில் இரண்டு முறை ஏறிவிட்டது. மூன்று அட்பேட், இரண்டு ஹிட். 1981இல் அது வெளியே வந்தபோது அன்றைய கமிஷனர் திருத்த மறுத்துவிட்டார். இன்றும் மேஜர் லீக் ஏட்டில் அவருக்கு 4,191 ஹிட், சராசரி 0.367, தனியார் ஆய்வாளர் ஏடுகளில் 4,189, 0.366. சம்பளம் வாங்கிய ஸ்கோரர்களும் அலுவலகமும் இருந்த லீக்கின் கதை இது.

ஆகவே திருத்தத்தை இப்படி வெளியிடலாம்: 'வாழ்நாள் பேட்டிங் சராசரியில் முதலிடம் ஜாஷ் கிப்சன், 0.372 (2024 மே 29 நிலவரப்படி). அடுத்தவர் டை காப், 0.367.' துணுக்கில் 'கறுப்பு பேப் ரூத்' என்பதையும் எடுத்துவிடுங்கள். அவருடைய முழுப் பெயரே அதைவிடச் சின்னது.

கூடவே ஒரு வேண்டுகோள். மாவட்டப் பள்ளிகளுக்கிடையிலான சாப்ட்பால், பேஸ்பால் ஆட்டங்களுக்குத் தாங்கள் தருவது 'இன்ன பள்ளி 7க்கு 4 என வென்றது' என்ற ஒரே வரியும், கோப்பை வாங்கும் படமும். ஆளுக்கு அட்பேட், ரன், ஹிட், நடந்தது என நான்கு எண். அடியில் பேஸில் நின்றவர் எத்தனை, பந்து பட்டது, சாக்ரிபைஸ் எத்தனை என்று ஒரு வரி. அணிக்குப் பத்துப் பதினோரு வரிதான் ஆகும். தலைப்பெழுத்தை விடாமல் முழுப் பெயராகப் போடுங்கள். நம் பக்கத்தில் ஓர் அணியில் மூன்று கார்த்திக் இருப்பது சாதாரணம். மேலே சொன்ன கூட்டலைச் செய்து சரிபார்த்த ஸ்கோர் ஷீட்டை ஆட்டம் முடிந்த அன்றே அலுவலகத்துக்கு அனுப்பித்தரும் பொறுப்பை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். இடம் போதாதென்றால் கோப்பைப் படத்தில் சிறப்பு விருந்தினர்களை ஓரமாகக் கொஞ்சம் வெட்டிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
வேலூர், காட்பாடி, இராணிப்பேட்டை பகுதி
பேஸ்பால், சாப்ட்பால் ஸ்கோரர்கள் சிலர்